செலவாகும் பொருள்கள்

எங்கள் துறையின் ஸ்டாக் ரிஜிஸ்டரில் இரண்டு பகுதிகள் உண்டு. மைக்ராஸ்கோப், எலும்புக்கூடு, கண்ணாடி ஜாடி, ஸ்டூல் எல்லாம் முதல் பகுதி. ஆண்டுக்கொரு முறை தணிக்கைக்கு வருபவரிடம் அவற்றை எண்ணிக் காட்ட வேண்டும். பஞ்சு, மெழுகு, ஃபார்மலின், பிளாட்டிங் பேப்பர் எல்லாம் இரண்டாம் பகுதி. வாங்கினோம், தீர்ந்தது என்று எழுதிவிட்டால் போதும், யாரும் எண்ண மாட்டார்கள். அதன் தலைப்பு ‘செலவாகும் பொருள்கள்’. தவளை அந்த இரண்டாம் பகுதியில், பஞ்சுக்கும் குளோரோஃபார்முக்கும் நடுவே இருந்தது. அந்தப் பக்கத்தின் அடியில் முப்பத்து மூன்று வருடம் கையெழுத்துப் போட்டவன் நான்.

காவிரிப் படுகையில் ஓர் அரசு உதவி பெறும் கல்லூரி. 1978 ஜூலையில் விலங்கியல் துறையில் டியூட்டராகச் சேர்ந்தேன். 2012 மே மாதம் துறைத்தலைவராக ஓய்வு பெற்றேன். இரண்டாமாண்டு பி.எஸ்ஸி.யில் முப்பது பேர். செரிமான மண்டலத்துக்கு ஒரு தவளை, தமனி மண்டலத்துக்கு ஒன்று, சிரை மண்டலத்துக்கு ஒன்று, இனப்பெருக்க மண்டலத்துக்கு ஆணும் பெண்ணுமாக இரண்டு, மாடல் எக்ஸாமுக்கு ஒன்று, யுனிவர்சிட்டி எக்ஸாமுக்கு ஒன்று. ஆளுக்கு ஏழு. வருடத்துக்கு 210. முப்பத்து மூன்று வருடத்துக்கு 6,930. ஓய்வு பெற்ற பிறகு ஒரு மதியம் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் போட்ட கணக்கு இது. அறுக்கும்போது ரத்தக்குழாய் வெட்டுப்பட்டு, “சார், இன்னொண்ணு குடுங்க சார்” என்று பையன்கள் வாங்கிப்போனவை இதில் சேரவில்லை. சாக்கிலேயே செத்துவந்தவையும் சேரவில்லை.

தவளை கொண்டுவந்து கொடுத்தவர் ஊருக்கு வெளியே வாய்க்கால் கரையில் குடியிருந்தார். அப்போதே ஐம்பது வயதைத் தாண்டியிருப்பார். இருட்டியபின் பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு குளத்துக்குப் போவார். கண்ணில் வெளிச்சம் பட்டால் தவளை தாவாது. உட்கார்ந்த இடத்திலேயே மலைத்துப்போய் இருக்கும். கையால் அள்ளி நனைத்த சாக்கில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். விடிந்ததும் சைக்கிள் கேரியரில் சாக்கைக் கட்டிக்கொண்டு லேபின் பின்வாசலுக்கு வருவார்.

“நூத்திப் பத்து இருக்குங்கய்யா. எல்லாம் பச்சைத் தவளை. ஒண்ணுகூட நொண்டி கிடையாது.”

ஒன்று எண்பது பைசா. செத்தவற்றைத் தனியே எடுத்து வைத்து, அந்தக் காசைக் கழித்துக்கொள்வோம். இரவு முழுக்க இடுப்பளவு தண்ணீரில் நின்றுவிட்டு வந்த மனிதரிடம், மாதச் சம்பளக்காரர்களான நாங்கள் நாலு ரூபாய்க்கு வழக்காடினோம். ஒரு வருடம் காலில் ஏதோ கடித்து வீங்கி ஒரு மாதம் படுத்துவிட்டார். நான் அட்டெண்டரிடம் கேட்டது இன்னும் நினைவிருக்கிறது: “பிராக்டிக்கல் வருதே, வேற யாராச்சும் புடிச்சுத் தருவாங்களா?” கடித்தது என்ன, மனிதர் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை.

வந்த தவளைகளை லேபுக்குப் பின்னால் ஒரு சிமெண்ட் தொட்டியில் கொட்டி, மேலே கம்பிவலை போட்டு, அதன்மேல் செங்கல் வைப்போம். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். தீனி போட்டதில்லை. நாலைந்து நாளில் தீர்ந்துபோகிற பொருளுக்குத் தீனி எதற்கு? ஐப்பசி மழை இரவுகளில் தொட்டிக்குள் இருப்பவை கத்தும், வெளியே குளத்திலிருந்து பதில் வரும் என்று வாட்ச்மேன் ஒருமுறை சொன்னார். ஆண் தவளை இனப்பெருக்கக் காலத்தில் தொண்டைப்பையை உப்பவைத்து எழுப்பும் ஒலி அது என்று நான் அவருக்கு விளக்கம் கொடுத்தேன்.

நான் நல்ல ஆசிரியன் என்று பெயர் எடுத்தவன். அறுப்பதில் என் கை சுத்தம். மாணவனாக இருந்தபோது ஏகாம்பரநாத ஐயரின் விலங்கியல் நூலைக் கரைத்துக் குடித்திருந்தேன். பஞ்சில் குளோரோஃபார்ம் நனைத்துப் போட்ட ஜாடியில் தவளை அடங்கியதும் எடுத்து, கறுப்பு மெழுகுத் தட்டில் மல்லாத்தி, கை கால் நான்கிலும் ஊசி குத்தி, தோலை விலக்குவேன். தோலுக்கு அடியில், வயிற்றின் நட்டநடுவே, ஒரு சிரை மேலிருந்து கீழாக ஓடும். புதுப் பையன் நேராகக் கத்தரியை விட்டு அதை வெட்டிவிடுவான், தட்டு முழுக்க ரத்தமாகிவிடும். நான் ஒரு ஓரமாக வெட்டி, சொட்டு ரத்தம் இல்லாமல் திறப்பேன். மார்பெலும்பை நறுக்கி, இதயத்தின் மேலுறையை நீக்கி, அங்கிருந்து புறப்பட்டு இரண்டு பக்கமும் மும்மூன்றாகக் கிளைக்கும் தமனிகளைச் சுத்தம் செய்து, அடியில் கறுப்புத் தாள் துண்டு செருகிக் காட்டினால், கோலம் போட்டது போல் இருக்கும். தேர்வுக்கு வரும் எக்ஸ்டெர்னல்கள் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். அந்த நிமிடத்துக்கு ஒரு சுகம் உண்டு. இல்லை என்று இப்போது பொய் சொல்ல மாட்டேன்.

இவ்வளவு அறுத்து என்ன பார்த்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தவளை பூச்சி புழு தின்னும் பிராணி என்று வகுப்பில் சொல்வோம். எங்களுக்கு வந்த பச்சைத் தவளையின் இரைப்பையைப் பிளந்தால் பல சமயம் உள்ளே இருந்தது பாசியும் இலையும். பையன்கள் கேட்டால், “பூச்சியைப் பிடிக்கும்போது கூடவே உள்ள போயிருக்கும்” என்பேன். இந்த இனம் வளர்ந்தபின் நீர்த்தாவரங்களை நிறையத் தின்கிறது என்று ஓர் ஆய்வுக் கட்டுரை 1996இல் வந்தது. தென்னாட்டுக் கல்லூரிகளில் எத்தனை ஆயிரம் வயிறுகளைத் திறந்திருப்போம்! கண்ணெதிரே கிடந்த இலையை ஒருவரும் இலையாகப் பார்க்கவில்லை. ரெக்கார்டு நோட்டில் படம் போடும் கதையும் இதுவேதான். தட்டில் இருப்பதைப் பார்த்து வரைந்தவனை நான் கண்டதில்லை. எல்லோரும் புத்தகத்தில் இருந்த படத்தைப் பார்த்துத்தான் வரைந்தார்கள், அதற்குத்தான் நானும் மார்க் போட்டேன். தவளையைப் பார்த்து வரைந்திருந்தால் படம் புத்தகம் போல வராது, மார்க் குறைந்திருக்கும்.

லேபுக்கும் தமிழ்த்துறை வகுப்புக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். பக்கத்து வகுப்புத் தமிழாசிரியருக்குக் கணீர்க் குரல். ஒவ்வொரு வருடமும் திருக்குறளில் இன்னாசெய்யாமை அதிகாரத்தை அவர் நடத்தும்போது சுவர் தாண்டிக் கேட்கும். அது 32ஆவது அதிகாரம், அடுத்தது கொல்லாமை. நாங்கள் ஊசி குத்திக்கொண்டிருப்போம். ஒருவர் கைகூட நின்றதில்லை. குறள் என்பது காதில் விழுந்துகொண்டே இருக்கும் ஒரு நல்ல சத்தம், அவ்வளவுதான்.

1987 ஐப்பசியில் அவள் மறுத்தாள்.

பெயரைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. இரண்டாமாண்டு. அந்த வகுப்பில் பெண்கள் எட்டுப் பேர், அதில் ஒருத்தி. பத்து மைல் தள்ளியிருந்த கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த பெண். தியரியில் முதல் மூன்று பேருக்குள் வருவாள். அதிகம் பேச மாட்டாள். அன்று பெண் இனப்பெருக்க மண்டலம். மழைக்காலத்துப் பெண் தவளையைத் திறந்தால் வயிறு முழுக்க முட்டைதான், கடுகு கொட்டினாற்போல் கறுப்பும் வெள்ளையுமாக. அதை வழித்து எடுத்துவிட்டுத்தான் அடியில் உள்ள குழாய்களைக் காட்ட முடியும். குளோரோஃபார்ம் விலை ஏறியிருந்த சமயம். ஜாடிக்கு இத்தனை சொட்டு என்று நானே குறைத்திருந்தேன். அதனால் அவள் தட்டில் இருந்த தவளை சரியாக அடங்கவில்லை. வயிற்றைத் திறந்தபிறகு, ஊசி குத்தியிருந்த காலை இழுத்தது.

கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள்.

“என்னம்மா?”

“வேணாம் சார். நான் செய்யல.”

“செய்யாட்டி மார்க் கிடையாது.”

“சரிங்க சார்.”

அந்த ‘சரிங்க சார்’தான் எனக்குச் சுட்டது. அழுதிருந்தால், மயங்கி விழுந்திருந்தால், அட்டெண்டரை விட்டுச் சோடா வாங்கிக் கொடுத்து அனுப்பியிருப்பேன். அப்படி நாலைந்து பேரை அனுப்பியும் இருக்கிறேன். இவள் பயப்படவில்லை. முடியாது என்றாள். ஒன்பது வருடமாக என் சொல்லுக்கு எதிர்ச்சொல் வராத அறை அது. முப்பது பேரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

“நீ வீட்ல மீன் சாப்பிடுவேல்ல?” என்றேன். சிரிப்பு எழுந்தது.

“சாப்பிடுவேன் சார். பசிக்கு அறுக்கறது வேற சார். இங்க யாருக்கும் பசிக்கலையே.”

இப்போது சிரிப்பு என்னைப் பார்த்து வந்தது. அதற்குப் பிறகு நான் செய்ததைத்தான் இத்தனை வருடமாக எழுதாமல் தள்ளிப்போட்டேன்.

தொட்டியிலிருந்து மயக்காத தவளை ஒன்றைக் கொண்டுவரச் சொன்னேன். அவள் மேசைக்கு முன்னால் நின்று, அதன் தலையை விரலால் கீழே மடக்கி, மண்டையோடு முடிந்து முதுகெலும்பு தொடங்கும் பள்ளத்தில் ஊசியை இறக்கிச் சுழற்றினேன். மூளையையும் தண்டுவடத்தையும் அழிக்கும் முறை இது, பித்திங் என்பார்கள். பாடத்திட்டத்தில் அன்று இதற்கு வேலையே இல்லை. கால்கள் இரண்டும் விறைத்து நீண்டு தளர்ந்தன. மார்பைத் திறந்து இதயத்தை அறுத்தெடுத்தேன். தவளையின் இதயம் உடம்பை விட்டு வந்தபிறகும் துடிக்கும், துடிப்புக்கான தூண்டுதல் அதற்குள்ளேயே பிறக்கிறது. நல்ல பாடம்தான். அதைப் பாடமாக நான் நடத்தவில்லை.

“கையை நீட்டு” என்றேன். நீட்டினாள். உள்ளங்கையில் வைத்தேன். “பாரு, துடிக்குது. இன்னும் உசுரு இருக்காம். போய்க் காப்பாத்து.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது.

அவள் அதைக் கீழே போடவில்லை, கையை உதறவில்லை. நீட்டிய கை நீட்டியபடி நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்று எனக்குத் தெரியாது. மேசைக்குப் போய் ரெக்கார்டு திருத்த உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு எப்போது நின்றது என்பதையும் கவனிக்கவில்லை. தலையை நிமிர்த்தியபோது அவள் இல்லை. மேசையில் நாலாக மடித்த பிளாட்டிங் பேப்பர். அதன்மேல் அது இருந்தது.

பிறகு நடந்தவற்றைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். தியரி வகுப்புகளுக்கு வந்தாள், லேபுக்கு வரவில்லை. மார்ச்சில் ரெக்கார்டு கொண்டுவந்தாள். எல்லாப் படமும் போட்டிருந்தாள், மற்ற இருபத்தொன்பது பேரைப் போலவே புத்தகத்தைப் பார்த்து, அவர்களைவிட நன்றாக. அறுக்காமல் வரைந்த படத்துக்குக் கையெழுத்துக் கிடையாது என்று திருப்பிக் கொடுத்தேன். அறுத்துவிட்டு வரைந்த படங்களும் அதே புத்தகத்திலிருந்து வந்தவைதான் என்பது எனக்குத் தெரியாதா? ரெக்கார்டில் கையெழுத்து இல்லாமல் பிராக்டிக்கல் தேர்வு எழுத முடியாது. 1988 ஏப்ரலில் மார்க் பட்டியலில் அவள் எண்ணுக்கு நேரே ‘ஏஏஏ’ என்று எழுதினேன். வரவில்லை என்பதற்கு எங்கள் பல்கலைக்கழகத்தில் அப்படித்தான் எழுதுவோம். மூன்றாமாண்டுக்கு அவள் வரவில்லை. கல்யாணம் ஆகியிருக்கும் என்று ஸ்டாஃப் ரூமில் யாரோ சொன்னார்கள். எனக்கு அந்தக் காரணம் வசதியாக இருந்தது, வைத்துக்கொண்டேன்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. பல வருடம் இந்தச் சம்பவத்தை நான் வேடிக்கைக் கதையாகச் சொல்லிவந்தேன். புதிதாக வரும் ஆசிரியர்களிடம், எக்ஸ்டெர்னல்களோடு சாப்பிடும்போது, ஒருமுறை சொந்தக்காரர் கல்யாணப் பந்தியில்கூட. ‘போய்க் காப்பாத்து’ என்ற இடத்தில் சிரிப்பு வரும் என்று தெரிந்து, அங்கே ஒரு நொடி நிறுத்திச் சொல்வேன். சொல்லச் சொல்லக் கதை மெருகேறியது. பசிக்கு அறுக்கறது வேற என்று அவள் சொன்னது மட்டும் எப்படியோ கதையிலிருந்து உதிர்ந்துபோயிருந்தது.

என் மனைவிக்கும் இந்தக் கதை தெரியும். அவள் சிரித்ததில்லை. பிராக்டிக்கல் நாட்களில் கொல்லைப்புறமாக வந்து குளித்துவிட்டுத்தான் சமையற்கட்டுக்குள் வர வேண்டும் என்பது அவள் விதி. குளோரோஃபார்ம் வாடைக்காக என்று நினைத்திருந்தேன். உடலியலின் தந்தை என்று நாங்கள் பாடம் நடத்தும் பிரெஞ்சுக்காரர் கிளாத் பெர்னாரை அவர் மனைவி பிரிந்தே போனார், மகள்களும் விலங்குவதைக்கு எதிரான பக்கம் சேர்ந்தார்கள். வகுப்பில் இதைச் சொன்னதில்லை. பாடத்துக்குத் தேவையில்லாத சங்கதி என்று விட்டுவிட்டேன்.

மனம் மாறியதற்குப் பெரிய நிகழ்ச்சி எதுவும் இல்லை, ஒரு சுற்றறிக்கைதான். 2011இன் கடைசியில் பல்கலைக்கழக மானியக் குழு, விலங்கியல் பாடத்தில் பிராணிகளை அறுப்பதைப் படிப்படியாக நிறுத்தச் சொல்லி வழிகாட்டுதல் அனுப்பியது. 2014இல் முற்றிலும் நிறுத்தச் சொல்லிவிட்டது. துறைத்தலைவர் என்ற முறையில் அந்த முதல் சுற்றறிக்கையைப் படித்துப் பதில் எழுத வேண்டியவன் நான். ஆட்சேபம் எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வேலை தெரியாத விலங்கியல் பட்டதாரி எதற்கு என்று இரண்டு பக்கம் எழுதினேன். வலு சேர்க்கலாம் என்று, அறிக்கை சுட்டியிருந்த பழைய சட்டத்தை எடுத்துப் படித்தேன்.

1960இல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டம் அது. நம் சென்னைக்கு அதில் பங்கு உண்டு. கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல் 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாவில் தொடங்கிய முயற்சிதான் அந்தச் சட்டத்தில் போய் முடிந்தது. 1962இல் விலங்குநல வாரியம் ஏற்பட்டபோது முதல் தலைவரும் அவரே. பரதநாட்டியத்துக்காக மட்டும் அவரை நினைத்திருந்தவன் நான். அந்தச் சட்டத்தின் 17ஆம் பிரிவில், கல்லூரிகளிலும் மருத்துவப் பள்ளிகளிலும் புத்தகம், மாதிரி உருவம், திரைப்படம் போன்றவற்றால் அதே அளவுக்குக் கற்பிக்க முடியுமானால், விலங்குகள் மீதான சோதனையைக் கூடியமட்டும் தவிர்க்க வேண்டும் என்ற பொருளில் ஓர் உட்பிரிவு இருக்கிறது. அந்தச் சட்டம் வந்தபோது எனக்கு ஆறு வயது. நான் கத்தரியைத் தொடுவதற்கு முன்பே எழுதிவைத்த சட்டம். என் மாணவர்கள் புத்தகத்தைப் பார்த்துத்தான் வரைந்தார்கள் என்று சொன்னேனே, அந்த உட்பிரிவுக்கு அதைவிட நல்ல சாட்சி யார் தர முடியும்?

ஆட்சேபத்தைக் கிழித்துப் போட்டேன். அன்று இரவு கதையில் உதிர்ந்துபோயிருந்த வரி திரும்பி வந்தது.

பிறகு தேடிப் படித்தேன். அவள் கத்தரியைக் கீழே வைத்த அதே 1987இல், அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஜெனிஃபர் கிரஹாம் என்ற பள்ளி மாணவி தவளையை அறுக்க மாட்டேன் என்று சொல்லி நீதிமன்றம் வரை போனார். மறு வருடமே அந்த மாநிலத்தில், மறுக்கும் மாணவருக்கு மாற்று வழி கொடுக்கச் சட்டம் வந்தது. அந்த மறு வருடத்தில்தான் நான் ‘ஏஏஏ’ எழுதினேன். அதே 1987இல் இந்திய அரசு தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தது. தவளை குறைந்து வயலில் பூச்சி பெருகுகிறது என்ற கவலை அதன் பின்னால் இருந்தது. திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில், கற்பித்தலில் விலங்குகளுக்கு மாற்று தேடுவதற்கென்றே 2009இல் மகாத்மா காந்தி – டோரென்காம்ப் மையம் தொடங்கியிருந்தார்கள். எங்கள் கல்லூரியிலிருந்து பஸ் பிடித்தால் மதியத்துக்குள் போய்விடலாம். நான் போகவில்லை. 2010இலும் என் தொட்டியில் தவளை இருந்தது.

எல்லாச் சோதனையும் கொலை என்று நான் சொல்ல வரவில்லை. 1921இல் டொரண்டோவில் பான்டிங்கும் பெஸ்ட்டும் நாய்களை வைத்துச் செய்த சோதனைகள் இல்லையென்றால் இன்சுலின் இல்லை. தினமும் காலையில் தொடையில் அதைக் குத்திக்கொள்கிறவன் நான். எனக்கு அதைப் பழித்துப் பேச வாய் வராது. ஆனால் அவர்கள் தெரியாத ஒன்றைத் தேடினார்கள். எங்கள் லேபில் தெரியாதது ஒன்றுகூட இல்லை. விடை புத்தகத்தில் அச்சாகியிருந்தது. என்னிடம் படித்த ஆயிரம் பேரில் பெரும்பாலோர் வங்கியிலும் பள்ளியிலும் திருப்பூர்க் கம்பெனிகளிலும் இருக்கிறார்கள், நாலு பேர் வெளிநாட்டில். தவளையின் தமனியைச் சுத்தம் செய்யும் கலை அவர்களில் யாருக்கு எப்போது உதவியது?

தவளை குறைந்ததற்குப் பூச்சிமருந்தும் தூர்ந்துபோன குளங்களும்தான் பெரிய காரணம், கல்லூரிகள் பிடித்தது அதில் சின்னப் பங்குதான் என்று ஒரு நண்பர் ஆறுதல் சொன்னார். அது தவளை இனத்தின் கணக்கு. அவள் தட்டில் காலை இழுத்தது ஒரு தவளை. குளோரோஃபார்ம் மிச்சம் பிடித்தவன் நான். அவரவர் கணக்கை அவரவர்தான் பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். தவளையிடம் அப்படி நடந்துகொள்ள எனக்கு யார் அனுமதி கொடுத்தார்கள்? பாடத்திட்டம் கொடுத்தது. அவளிடம் அப்படி நடந்துகொள்ள? அதை எந்தப் பாடத்திட்டமும் கொடுக்கவில்லை. ஆனால் கை பழகியிருந்தது. கேட்க நாதியில்லாத ஒன்றை மல்லாத்தி நாலு பக்கமும் ஊசி குத்தி வைத்து, எல்லோரும் பார்க்கத் திறந்து காட்டுவதில் ஒன்பது வருடப் பழக்கம் இருந்தது. அவளுக்கு ஊசி தேவைப்படவில்லை. ஊரிலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வந்த பெண், திருப்பிக் கேட்க வீட்டிலிருந்து ஒருவரும் வரமாட்டார்கள் என்பது எனக்கு உள்ளுக்குள் தெரிந்திருந்தது. ஊர்ப் பெரிய மனிதர் ஒருவரின் மகள் அதே வகுப்பில் இருந்தாள். அவள் மறுத்திருந்தால் சோடா வாங்கிக் கொடுத்திருப்பேன்.

2015 தை மாதம் அவள் ஊருக்குப் போனேன். பழைய அட்மிஷன் ரிஜிஸ்டரில் முகவரி இருந்தது. பஸ் நிறுத்தத்தில் இறங்கிக் கேட்டால், எதிரே இருந்த உரக்கடையைக் காட்டினார்கள். அவளுடைய தம்பி. ஸ்டூலைத் துடைத்துப் போட்டு உட்காரச் சொன்னார், பையனை அனுப்பி டீ வாங்கிவரச் சொன்னார்.

“அக்கா திருப்பூர்ல இருக்கு சார். மாமா பனியன் கம்பெனில சூப்பர்வைசர். பையன் இன்ஜினியரிங் முடிச்சிட்டான். சார் எப்படிப் பழக்கம்?”

“காலேஜ்ல பாடம் எடுத்தேன் தம்பி.”

அவர் முகம் கொஞ்சம் மாறியது. கோபம் இல்லை, ஆச்சரியம்.

“காலேஜ் போனதப் பத்தி அக்கா பேசவே பேசாது சார். நல்லாத்தான் படிச்சிக்கிட்டிருந்துச்சு, திடீர்னு போகமாட்டேன்னுடுச்சு. எங்கப்பா கடைசி வரைக்கும் கேட்டுப் பாத்தாங்க, என்னம்மா நடந்துச்சுன்னு. வாயத் தொறக்கல. உங்களுக்குத் தெரியுமா சார்?”

டீ வந்தது. குடித்தேன்.

“நம்பர் தரட்டுமா சார்? இப்பவே போட்டுத் தரேன், பேசுங்க. சந்தோசப்படும்.” செல்போனை எடுத்துவிட்டார்.

இன்னொரு நாள் பேசுகிறேன் என்றேன். பஸ் ஹாரன் கேட்டது. எழுந்தேன். “யாரு வந்தாங்கன்னு சொல்றது சார்?” என்று பின்னாலேயே சாலை வரை வந்தார். பெயரைச் சொல்லாமல் ஏறிவிட்டேன்.